ரெண்டாகக் கழலும் துப்பாக்கி

அந்த வாழைத்தாரைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கண்ணே, முழங்காலை இடிக்குது. ஆங், போதும். பண்ணைக்காட்டில் ஏறினதிலிருந்து என் நெற்றியையே பார்த்துக்கொண்டு வர்றீங்க. வாயைத் திறந்து கேட்டுவிடலாம். பிளாஸ்திரிதான். பஸ் கம்பியில் இடித்துக்கொண்டேன்.

சரி, பஸ் கம்பி இல்லை. வத்தலக்குண்டு போய்ச் சேர இன்னும் எவ்வளவோ வளைவு இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் ஒன்று. இந்தக் கதையில் வருகிற எல்லோரும் மடையர்கள், என்னைத் தவிர. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கேளுங்க, குழப்பமே வராது.

என் பெயர் சரண்ராஜ். எஸ்டேட்டில் ஒருத்தரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், ரேடியோ என்பார்கள். எந்தக் குரலும் வரும் எனக்கு. ஆண், பெண், ஆடு, ஜீப்பு. இருங்க, இந்தக் கண்டக்டரையே பாருங்க. "படியில யாருப்பா, உள்ள ஏறு, உள்ள எடமிருக்கு, உள்ள ஒரு ஊரே இருக்கு!" பார்த்தீங்களா? நிஜக் கண்டக்டர் தன் வாயைத் தானே தொட்டுப் பார்க்கிறார். இதுதான் என் தொழில். அப்பாவும் அம்மாவும் மஸ்கட்டில். நான் பெரியப்பா வீட்டில் வளர்கிறேன். வளர்ந்தேன். நேற்றுவரைக்கும்.

பெரியப்பா பெயர் தவமணி. அவரிடம் கேட்டால் தவமணி துரை என்பார். காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார். தோட்டம் என்றால் பெரிதாக நினைத்துவிடாதீங்க, அந்தக் கடைசியில் தும்மினால் இந்தக் கடைசியில் நூறு வயசு என்பார்கள். அதற்குக் காக்கி அரைக்கால் சட்டை, தொப்பி, கையில் பிரம்பு. கால் இரண்டும் கொக்கிடம் கடன் வாங்கியது போலிருக்கும். நடக்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டே நடப்பார். "க்கும். டேய், அந்தக் களத்துல காப்பிய யாரு கிண்டுறது? க்கும். கையில வலுவில்லையா? க்கும்." களத்துப் பெண்கள் எல்லாம் என்னிடம் அதைச் செய்துகாட்டச் சொல்லிச் செய்துகாட்டச் சொல்லி வயிறு வலிக்கச் சிரிப்பார்கள்.

அவரிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. லைசென்ஸ் உள்ளதுதான், பயப்படாதீங்க. வெள்ளைக்காரத் துரை ஒருத்தன் கப்பலேறும்போது பெரியப்பாவின் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. வேட்டைத் துப்பாக்கி. அதில் என்ன விசேஷம் என்றால், ரெண்டாகக் கழலும். அடியில் ஒரு சின்ன நெம்பு. அதைத் தள்ளி, குழலைப் பிடித்துக் கால் சுற்றுத் திருகினால், க்ளக்! குழல் தனி, கட்டை தனி. அதற்கென்று ஒரு தோல் பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட்டு. குழலுக்கு நீளமாக ஒரு பள்ளம், கட்டைக்கு அகலமாக ஒரு பள்ளம். ஆயுத பூஜைக்குப் பெட்டியைத் திறந்து, ரெண்டு துண்டுக்கும் தனித்தனியாகச் சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி மூடிவிடுவார்கள். சுடுவதெல்லாம் கிடையாது. யாராவது பெரிய மனிதர் வீட்டுக்கு வந்தால் பெரியப்பா பெட்டியை மேஜைமேல் வைத்து, தொப்பியைச் சரிசெய்து, "க்கும். பாருங்க" என்று அவர்கள் கண்ணெதிரே மாட்டிக் காட்டுவார். க்ளக். அந்தச் சத்தத்துக்காகவே அந்த மனிதர் உயிரோடு இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இப்போது அக்காவைச் சொல்ல வேண்டும். பெரியப்பாவின் ஒரே மகள், மஞ்சரி. அந்தா, முன்னாடி பெண்கள் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாளே, பச்சைத் துப்பட்டா, அவள்தான். பார்த்தாலே தெரியும், வாயில் பூட்டு. நாள் முழுக்க ஒரு வாக்கியம் பேசினால் அன்றைக்கு மழை வரும். பெரியகுளத்தில் மேல்படிப்பு படிக்கிறாள். என்ன படிப்பு தெரியுமா? மண்ணு. நிஜமாகவே மண்ணுதான்! எந்த மண்ணில் என்ன சத்து இருக்கிறது என்று பார்க்கிற படிப்பு. மண்ணெடுக்க ஒரு திருகுக் கம்பி வைத்திருக்கிறாள், அவள் தோளுயரம் வரும். அதுவும் நடுவில் மூட்டுப் போட்டு ரெண்டாகக் கழலும். அதைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போவாள். கண்டக்டரெல்லாம் திட்டுவார்கள். இன்னும் ஒரு வருடம் பாக்கி. அதற்குள் பெரியப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டார்.

கோயம்புத்தூர் சம்பந்தம். நம் ஆட்கள்தான், ஆனால் தாத்தா காலத்திலேயே அங்கே போய்விட்டதால் பேச்செல்லாம் அந்த ஊர்ப் பேச்சு. மாப்பிள்ளையின் அப்பா மயில்வாகனன், மோட்டார் பம்புக் கம்பெனி வைத்திருக்கிறார். பழைய துப்பாக்கி என்றால் உயிர். வீட்டில் சுவரெல்லாம் துப்பாக்கியாம், எல்லாவற்றுக்கும் லைசென்ஸாம். முதல் தரம் பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணைப் பார்த்தது காப்பி ஆறுகிற நேரம். துப்பாக்கியைப் பார்த்தது சாயங்காலம்வரை. மடியில் வைத்துத் தடவித் தடவி, "ஏனுங், இத்தன வருசத்துல இந்த மாதரக் கழலுற துப்பாக்கி நான் தொட்டதே இல்லைங்" என்று உருகினார். பெரியப்பா உடனே, "க்கும். பொண்ணோட இதையும் சீராக் குடுத்துடறேன் சம்பந்தி. லைசென்ஸ் மாத்துற வேலையெல்லாம் என் பொறுப்பு" என்றார். அவ்வளவுதான், முக்கால் கல்யாணம் முடிந்துவிட்டது. மாசக் கடைசியில் வந்து தட்டு மாற்றித் தேதி வைப்பதாகப் பேச்சு.

பெரியம்மா மட்டும் கேட்டாள், "புள்ள படிப்பு ஒரு வருசம் பாக்கியிருக்கே." அதற்கு மயில்வாகனன், "மண்ணு தானுங்களே, எங்க தோட்டத்துலயே நெறையக் கெடக்குதுங்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல ஜோக் அண்ணே அது. அக்கா பாட்டுக்குப் போய் மண் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். ரோஷம் கிடையாது அவளுக்கு.

அன்று ராத்திரி சாப்பாட்டில் மயில்வாகனன் மாதிரிப் பேசிக் காட்டினேன். பெரியம்மாவுக்குப் புரையேறிவிட்டது. அக்கா மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கோயமுத்தூர்ப் பேச்சு உனக்கு வரலடா" என்றாள்.

வரலையா? எனக்கா?

"நாங்க கேட்டா சரி, உனக்காகச் சிரிப்போம். போன்ல பேசினா அப்பாவே கண்டுபிடிச்சுடுவாரு."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மண்ணைத் தவிர ஒன்றும் தெரியாத ஒரு ஜென்மம் என் தொழிலைக் குறை சொல்கிறது! அதோடு விட்டாளா, போகிறபோக்கில் அசட்டுக் கேள்விகள் வேறு. "ஏன்டா, அந்த மாமா அவ்வளவு தடிமனாக் கண்ணாடி போட்டிருக்காரே, அவரு இதுல எப்படிடா குறி பாப்பாரு? டெலஸ்கோப் மாதிரி ஒண்ணு மாட்டுவாங்களே, அது இதுல மாட்ட முடியாதா?" துப்பாக்கியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும், சொல்லுங்க. "மாட்டச் சொல்லி அவரே கேட்டா அசிங்கமா நினைப்பாருல்ல? கேட்டு வாங்கின மாதிரி ஆயிடும்." இப்படி ஏதோ தானாக உளறிக்கொண்டே போய்ப் படுத்துவிட்டாள்.

படுத்தபடியே யோசித்தேன். சட்டென்று ஒரு அபாரமான யோசனை வந்தது. என் யோசனை அண்ணே, முழுக்க என்னுடையது.

மறுநாள் பண்ணைக்காட்டில் என் சிநேகிதன் போனிலிருந்து எஸ்டேட் லேண்ட்லைனுக்கு அடித்தேன். எங்கள் தோட்டத்தில் செல்போன் எடுக்காது, லேண்ட்லைனில் நம்பர் தெரியாது. பெரியப்பா எடுத்தார். க்கும்.

"ஏனுங் சம்பந்தி, சௌக்கியமுங்களா? நான் மயில்வாகனன் பேசறனுங். ஒரு சின்னச் சமாச்சாரமுங். அந்தத் துப்பாக்கி கண்ணுலயே நிக்குதுங். எனக்குத்தான் பார்வை மங்கிப்போச்சு. அதும்மேல ஒரு டெலஸ்கோப்பு மாட்டிக் குடுத்துப்போட்டீங்கன்னா, சுவத்துல தொங்கவிடாம நானே தோள்ல வெச்சுக்குவனுங். அப்பறம் சம்பந்தி, இதப் பத்தி மறுபடி பேசிக்க வேண்டாமுங். கேட்டு வாங்குனாப்புல ஆயிப்போயிருமுங்."

பெரியப்பா அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்டார். போனிலேயே தெரிந்தது, செருப்புச் சத்தம் கேட்டது! "நீங்க சொல்லிட்டீங்கல்ல சம்பந்தி, முடிஞ்சுச்சு" என்றார். என் சிநேகிதன் ரோட்டில் உருண்டான்.

அக்காவிடம் போய், "வரலைன்னியே?" என்றேன். அவள் அப்போது அந்தத் தோல் பெட்டியைத் தையல் டேப்பால் அளந்துகொண்டிருந்தாள். எதற்கென்று கேட்டால், சும்மா என்கிறாள். சும்மா பெட்டியை அளக்கிறவளை என்ன சொல்வது? "நம்பிட்டாரா?" என்று கேட்டுவிட்டு மறுபடி அளக்கப் போய்விட்டாள்.

மடத்தனம் என்றால் என்னவென்று இனிமேல்தான் பார்க்கப் போறீங்க. பெரியப்பா மதுரைக்குப் போய் ஒரு டெலஸ்கோப் வாங்கிக்கொண்டு வந்தார். நாதஸ்வரம் நீளம். துப்பாக்கி ரிப்பேர்க் கடையில் கேட்டால், "பழைய துப்பாக்கி சார், ஓட்டை போடுறதுக்கு முன்னாடி யோசிங்க, எங்கிட்ட விட்டா மாசக்கணக்கில ஆகும்" என்றார்களாம். சம்பந்தி வருகிற தேதிக்குள் ஆக வேண்டுமே? நேராக வத்தலக்குண்டு மிக்கேல் லேத்துப் பட்டறைக்குப் போனார். நானும் போனேன், விடுவேனா?

மிக்கேல் போர்வெல் மோட்டாருக்குத் தண்டு கடைகிற ஆள். துப்பாக்கியைக் கையில் வாங்கி, பூசணிக்காய் வாங்குகிற மாதிரித் தட்டிப் பார்த்தான். "ஏண்ணே, நான் ஏரோப்ளேனுக்கே ஓட்டை போட்டவன், இது என்ன பெரிய வேலை?" ஏரோப்ளேனில் ஓட்டை போட்டால் என்ன ஆகும் என்று பெரியப்பா கேட்கவில்லை. டெலஸ்கோப்பைத் துப்பாக்கிமேல் படுக்க வைத்தார்கள். பின்னால் தள்ளினால் கட்டையில் இடமில்லை. முன்னால் தள்ளினால் கண்ணுக்கு எட்டவில்லை. "ரெண்டுக்கும் நடுவுல வெச்சாத்தாண்ணே கெத்தா நிக்கும். பின்கால் இங்க, முன்கால் அங்க" என்றான் மிக்கேல்.

நடுவில் என்ன இருக்கிறது? மூட்டு! க்ளக் என்று கழலுகிற மூட்டு. ஒரு கால் கட்டையிலும் ஒரு கால் குழலிலும் ஊன்றினால் துப்பாக்கி அப்புறம் எப்படி ரெண்டாகும்? மிக்கேலுக்குத் தெரியவில்லை, விடுங்க. பிறந்ததிலிருந்து அதைக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிற பெரியப்பாவுக்கும் தெரியவில்லை. சம்பந்தி கேட்டுவிட்டார் என்ற குஷியில் கண்ணே தெரியவில்லை அவருக்கு. எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவன் படத்தைப் பாதியில் நிறுத்துவானா?

கர்ர்ர்ர் என்று நாலு ஓட்டை. அப்போதும் டெலஸ்கோப் லேசாக ஆடியது. "ஆடக்கூடாதுன்னா அடியில ஒரே ஒரு பொட்டு வெல்டிங் வெச்சுரலாம்ணே." "வெச்சுரு" என்றார் தவமணி துரை. வைத்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, நெம்பைத் தள்ளி, திருகினார். திருகினார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் திருகினார். க்ளக் வரவில்லை. ரொம்ப நேரம் பெட்டியையும் துப்பாக்கியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "க்கும்" கூட வரவில்லை. கடைசியில், "சம்பந்தி கேட்டதுதானே. அவருக்குப் பெட்டி எதுக்கு, தோள்லதான வெச்சுக்கப் போறாரு" என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டு ஒரு ஜமக்காளத்தில் சுற்றி வைத்தார். அந்த மூஞ்சியை நான் எத்தனையோ தரம் செய்து பார்த்துவிட்டேன் அண்ணே, அது ஒன்றுதான் சரியாக வரமாட்டேன் என்கிறது.

சம்பந்தி வருவதற்கு முதல் நாள் சுட்டுப் பார்க்க வேண்டும் என்றார். புதுச் சாமான் ஆயிற்றே என்று பெரியம்மா மங்களகரமாகச் சந்தனம் குங்குமம் வைத்தாள். எங்கே வைத்தாள்? டெலஸ்கோப் கண்ணாடியில்! நட்ட நடுவில்! பெரியப்பா உள்ளே பார்த்துவிட்டு, "தோட்டமே செவப்பாத் தெரியுதே, தீப் பிடிச்சிருச்சா?" என்று அலறினார். துடைத்துக் கொடுத்தோம். சில்வர் ஓக் மரத்தடியில் ஒரு தகர டின். பெரியப்பா சாவி ஓட்டை வழியாகப் பார்க்கிற மாதிரிக் கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்துச் சுட்டார். துப்பாக்கி உதைத்தது. டெலஸ்கோப் விளிம்பு வந்து புருவத்தில் சதக். பிறை நிலா மாதிரி ஒரு வெட்டு. ரத்தம் வழிய வழிய, "டின்னுல பட்டுச்சா?" என்று கேட்கிறார்!

டின் அசையவே இல்லை.

"கண்ணைத் தள்ளி வெச்சுச் சுடணும் பெரியப்பா, இது தெரியாதா? குடுங்க" என்று நான் வாங்கினேன். என்னுடையது வேறு மாதிரி. நான் கண்ணைத் தள்ளித்தான் வைத்தேன். அது முன்னால் வந்துவிட்டது. துப்பாக்கியின் தப்பு. இதே புருவம், இதே பிறை. அதனால் நானும் அவரும் ஒன்று என்று நினைத்துவிடாதீங்க. அக்காதான் ரெண்டு பேருக்கும் பிளாஸ்திரி ஒட்டினாள். அவளுக்கு உதடு துடித்துக்கொண்டிருந்தது. பாவம், ரத்தம் பார்த்தால் பயம்.

மறுநாள் கோயம்புத்தூர்க் கார் வந்தது. மயில்வாகனன் உள்ளே நுழைந்தவுடன் எங்கள் ரெண்டு புருவத்தையும் பார்த்தார். லேசாகச் சிரிப்பு வந்தது. "ஏனுங், டெலஸ்கோப்பு வெச்ச எதுலயாச்சும் கண்ண ஒட்டவெச்சுச் சுட்டீங்களாக்கும்?" பெரியப்பாவுக்கு ஒரே பூரிப்பு. "சம்பந்தி பாத்தவுடனே கண்டுபிடிச்சிட்டாரு பாத்தியா!" என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட்டு, தட்டெல்லாம் அப்புறம், முதலில் இதைப் பாருங்கள் என்று ஜமக்காளத்தை விரித்தார்.

அந்தக் காட்சியைப் பார்த்திருக்கணும் அண்ணே! மாப்பிள்ளை கேசரியை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றான். மயில்வாகனன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். விரலால் நாலு ஓட்டையையும் தடவினார். வெல்டிங் பொட்டைத் தடவினார். நெம்பைத் தள்ளித் திருகிப் பார்த்தார். அக்கா காப்பித் தட்டோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆருங்க... ஆருங்க இதப் பண்ணுனது?"

"நல்ல கைகாரன் சம்பந்தி. ஏரோப்ளேனுக்கே..."

"அத்தன தலமொறை ஒரு கீறல் விழுகாம வெச்சிருந்ததுங்க. எதுக்குங்க இப்பிடிப் பண்ணுனீங்க?"

"என்ன சம்பந்தி இது, நீங்கதான போன் பண்ணிச் சொன்னீங்க?"

"எந்தப் போனுங்க?"

"பார்வை மங்கிப்போச்சு, டெலஸ்கோப் மாட்டிக் குடுங்கன்னு..."

"எனக்கா? பார்வையா? நான் எப்பங்க உங்களுக்குப் போன் பண்ணுனேன்?"

அப்போதாவது நம் துரை வாயை மூடியிருக்கலாம். "என் காதால கேட்டேன். இப்ப வந்து பேச்சை மாத்தாதீங்க" என்றார்.

"என்னையப் பொய் சொல்றவன்கறீங்களா?"

"சொன்னதச் சொல்லலைன்னா வேற என்ன பேரு?"

அவ்வளவுதான். மயில்வாகனன் துப்பாக்கியைக் குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி ஜமக்காளத்தில் வைத்துவிட்டு எழுந்தார். "இதக் கண்ணுமாதர வெச்சுக்கத் தெரியாதவங்க ஊட்ல என்னத்தப் பொண்ணெடுக்கறதுங்க" என்றார். மாப்பிள்ளை, "அப்பா, கேசரி" என்றான். கார் போய்விட்டது. தட்டு, பழம், பூ எல்லாம் மேஜைமேல் அப்படியே.

இத்தோடு முடிந்திருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நீங்களே சொல்லுங்க, இவ்வளவு பெரிய கூத்தை நடத்திவிட்டு ஒருத்தரும் கைதட்டவில்லை என்றால் எப்படி? சாயங்காலம் களத்தில் பெண்களுக்கு முதலிலிருந்து கடைசிவரை நடித்துக் காட்டினேன். க்கும், கர்ர்ர், சதக், கேசரி, எல்லாம். கடைசியில் அந்தப் போனையும் அப்படியே செய்தேன். "ஏனுங் சம்பந்தி, சௌக்கியமுங்களா..." பெண்கள் சிரிப்பதைச் சட்டென்று நிறுத்தினார்கள். திரும்பினால் பின்னால் பெரியப்பா.

அடிப்பார் என்று நினைத்தேன். கையில் பிரம்பு இருந்தது. "இன்னொரு தடவ பேசுடா" என்றார். பேசினேன். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய்விட்டார். அடிக்கக்கூடத் தெரியாத மனுஷன்! அதற்கப்புறம் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, "தப்பு எங்க வீட்டுப் பையன்மேல, மன்னிச்சுக்கங்க" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கம் மயில்வாகனன், "இப்பப் பேசறது நீங்கதானுங்களா, இல்ல அந்தப் பையனுங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். இதற்கு நான் சிரித்தது மட்டும்தான் குற்றம். என்னைத் திண்டுக்கல் ஹாஸ்டலில் போடுகிறார்கள். சீட்டுக்கடியில் இருக்கிறதே என் டிரங்குப் பெட்டி, அதற்குத்தான். போனும் கிடையாதாம்.

துப்பாக்கியா? ஜமக்காளத்தில்தான் கிடக்கிறது. டெலஸ்கோப்போடு. வருகிற ஆயுத பூஜைக்கு அந்த ஒட்டின சாமானுக்கு ஒரே பொட்டாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இனி இந்த வருடம் மாப்பிள்ளைப் பேச்சே வேண்டாம் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். ஊரில் யார் வருவார்கள்? அக்கா மடியில் ஒரு தோல் பெட்டி வைத்திருக்கிறாள் பாருங்க, அதுதான் அந்தப் பெட்டி. காலியாகக் கிடக்கிறதே என்று கேட்டாளாம், கொடுத்துவிட்டார். நேற்று அந்தத் திருகுக் கம்பியைக் க்ளக் என்று ரெண்டாக்கிக் குழல் பள்ளத்தில் வைத்தாள். விரல் நுழைய இடமில்லாமல் அப்படிப் பொருந்தியது. கட்டைப் பள்ளத்தில் மண் பாட்டில்கள். வெள்ளைக்காரன் வெல்வெட்டில் மண்ணு! இதெல்லாம் ஒரு அதிர்ஷ்டம் அண்ணே, சில மடையர்களுக்குத் தானாக அமையும்.

எனக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "நான் தப்பாச் சொல்லிட்டேன்டா, கோயமுத்தூர்ப் பேச்சு உனக்கு நல்லாவே வருது" என்றாள். பார்த்தீங்களா? கடைசியில் ஒத்துக்கொண்டாள்.

அட, வத்தலக்குண்டு வந்துவிட்டதா? இருங்க, அக்கா எழுந்திருக்கிறாள், இந்தப் பக்கம் திரும்புகிறாள்.

"ஏனுங் தம்பி, எறங்கலைங்களா? பொட்டியப் பத்தரமா எடுத்துக்குங்!"

ஏண்ணே, நீங்க ஏன் பின்னால் திரும்பித் தேடுறீங்க? எந்தக் கோயம்புத்தூர்க்காரரும் ஏறவில்லை. அவள்தான் பேசினது.

பரவாயில்லை. சுமாராக வருகிறது அவளுக்கு. எல்லாம் என்னிடமிருந்து கற்றுக்கொண்டதுதான்.